புது விறகடுப்பு புகைகிறதா? இடிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

கேஸ் இருக்கிற வீட்டிலும் பின்கட்டில் ஒரு விறகடுப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறைய. குளிக்க வெந்நீர், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, விசேஷத்துக்கு ஓர் அண்டா சோறு என்று ஏதாவது காரணம் இருக்கும். போட்டுக் கொடுத்த கொஞ்ச நாளில் போன் வரும். "அண்ணே, புகை பூரா வீட்டுக்குள்ளதான் சுத்துது. இடிச்சிட்டு வேற மாதிரி போட்டுடலாமா?" போய்ப் பார்த்தால் இடிக்கிற அளவுக்கு ஒன்றும் இருக்காது. ஈர விறகு, அடைத்துக் கிடக்கும் சாம்பல், ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், மொட்டைமாடியில் குட்டையாக நின்றுவிட்ட குழாய், பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது கடைசி வேலை.

இங்கே சொல்வது செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்புக்கு. முன்னால் விறகு வைக்கிற வாய், மேலே பெரிய குழி, அதை அடுத்து, அதே தீயின் சூட்டில் வேலை செய்கிற சின்னக் குழியான கொடியடுப்பு, அதற்குப் பின்னால் 4 அங்குலப் புகைபோக்கி. கடையில் வாங்கிய இரும்பு அடுப்பானாலும் குழாய் வைத்திருந்தால் முக்கால்வாசி பொருந்தும். உங்கள் அடுப்பு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைக்கிற வேலை கடைசியில்.

## இந்த இரண்டும் இருந்தால் மற்றதை அப்புறம் படியுங்கள்

### தலை கனக்கிறது, குமட்டுகிறது

வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் அடுப்பை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வரும்போதே கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கண்ணுக்குப் புகை தெரியாதபோதும் இது நடக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட, அடங்கிப்போன கங்கில் இந்த ஆபத்து அதிகம். கார்த்திகை மழையில் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கங்கைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவது கூடவே கூடாது. வெளிக்காற்றுக்கு வந்தும் தெளியவில்லை, மயக்கமாக இருக்கிறது என்றால் 108.

### குழாய்க்குள் பெரும் இரைச்சல், மேலே பொறி பறக்கிறது

உள்ளே படிந்த கரி தீப்பிடித்திருக்கிறது. அடுப்பு வாயைத் தகரமோ செங்கல்லோ வைத்து அடைத்து, இடுக்கில் மணலைப் போடுங்கள். காற்று போகாவிட்டால் தீ அடங்கும். குழாயின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; சூட்டில் இருக்கும் குழாய் வெடிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். தண்ணீரைப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் ஊற்றுங்கள். உடனே 101-க்குச் சொல்லுங்கள். தானாக அடங்கிவிட்டாலும் குழாயை அடி முதல் நுனி வரை பார்க்காமல் மறுபடி மூட்டக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் என்றால் விரிசல் தெரிகிறதோ இல்லையோ மாற்றிவிடுங்கள். பழைய குழாயை நீங்களே உலர்வாக அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

## புகை வாய் வழியாகத் திரும்பி வருகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும்.

முதலில் அடுப்பு ஆறியிருக்கும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வாய்க்கு நேரே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் குழாய் வேலை செய்கிறது. நேரே மேலே போனால் குழாய் சும்மா நிற்கிறது. உங்கள் முகத்துக்கு வந்தால் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது.

### மூட்டிய முதல் சில நிமிடம் மட்டும்

குழாய் குளிர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். மார்கழி விடிகாலையில் எந்த அடுப்பும் கொஞ்சம் இப்படிச் செய்யும்; வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஏறும் குழாயில் இன்னும் கூடுதலாக இருக்கும். குழாயின் அடியில் சுத்தம் செய்ய விட்டிருக்கும் ஓட்டையைத் திறந்து, ஒரு தாள் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே வைத்துக் கொளுத்தி மூடிவிடுங்கள். குழாய் சூடேறி இழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் விறகை மூட்டுங்கள். முதலிலேயே பெரிய கட்டையைத் திணிக்காமல் பன்னாடை, சவுக்கு மிலார் (மெல்லிய குச்சி), கொட்டாங்குச்சி என்று ஆரம்பித்தால் பாதித் தொல்லை வராது.

அந்த ஓட்டையே இல்லாமல் கட்டியிருக்கிறார்களா? அது அடுப்பு போட்டவரின் குறை. கூப்பிட்டு ஒரு செங்கல்லை எடுக்கச் சொல்லி, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

### சமையல் முடியும் வரை விடாமல்

எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். புது வீடுகளில் இதுதான் முதல் குற்றவாளி. ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது அதை ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகக் காற்று உள்ளே இறங்கும், புகையும் கூடவே வரும். புகை வருகிறது என்று ஃபேனைப் போடுவார்கள், ஃபேன் போட்டதால் புகை இன்னும் வரும். நிறுத்திவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும்.

அடுத்தது மாடிப்படிக் கதவு. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தால் படிக்கட்டுக் கூடமே ஒரு பெரிய புகைபோக்கியாகி வீட்டுக் காற்றை மேலே இழுக்கும்; பாவம், 4 அங்குலக் குழாய் அதோடு போட்டி போட முடியாது. கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்திச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டும் சரி என்றால் பாத்திரத்தைப் பாருங்கள். குழியை முழுக்க மூடாத சின்னப் பாத்திரம் வைத்தால் அந்த இடுக்கு வழியாகப் புகை வரும். பழைய அடுப்பில் குழியின் விளிம்பில் குமிழ், அதாவது பாத்திரம் உட்காருகிற சின்ன மேடுகள், வைப்பது பாத்திரத்துக்கும் குழிக்கும் நடுவே தீ வெளியேற வழி விடத்தான். புகைபோக்கி வைத்த அடுப்பில் குமிழ் இருந்தால் புகை அந்த வழியில்தான் வரும். பழக்கதோஷத்தில் சிலர் இதிலும் குமிழ் வைத்துவிடுகிறார்கள். தட்டி எடுத்துவிட்டு விளிம்பை மண்ணால் சமமாக மெழுகிவிடுங்கள். சின்னப் பாத்திரத்துக்கு இரும்பு வளையம் போட்டுக்கொள்ளலாம். கொடியடுப்பில் ஒன்றும் வைக்காத நேரத்தில் அதைத் தட்டு போட்டு மூட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இனிக் குழாய். சாம்பலை அள்ளிவிட்டு, பெரிய குழிக்கும் கொடியடுப்புக்கும் நடுவே உள்ள வழியில் கையை விட்டுத் துழாவுங்கள். கரியும் சாம்பலும் சேர்ந்து அதைப் பாதியாக்கியிருக்கும். பிறகு சுத்தம் செய்கிற ஓட்டைக்குள் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் மேலே பாருங்கள். வானம் வட்டமாகத் தெரிந்தால் அடைப்பு இல்லை. குழாய் உச்சியில் மழைக்கு வைத்த தொப்பி மறைத்தாலும் சுற்றி வெளிச்சம் தெரியும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கூடு. கொஞ்ச நாள் மூட்டாமல் விட்ட அடுப்பில் அணில், மைனா, குளவி, எது வேண்டுமானாலும் குடியேறும். மேலிருந்து கயிற்றில் ஒரு செங்கல்லைக் கட்டி, அதற்கு மேலே சாக்கைச் சுற்றி, ஏற்றி இறக்கினால் கூடும் வரும் கரியும் வரும். தினமும் மூட்டுகிற வீட்டில் மாதம் ஒரு முறை இதைச் செய்துவிடுவது நல்லது. கீழே நிற்பவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் வாய் பெரிதாக இருக்கலாம். 4 அங்குலக் குழாய்க்கு ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம் போதும். அண்டாவுக்குப் பெரிய கட்டை போக வேண்டும் என்று சிலர் ஒன்றரைச் சாண் திறந்து வைக்கிறார்கள். வாயின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். புகை குறைந்தால் அதை அப்படியே மண் வைத்துப் பூசிவிடலாம். வேலை முடிந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் குழாயின் வளைவைப் பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து கிடையாகப் போய்ச் சுவரைத் துளைத்து, அங்கே நேர்கோணத்தில் திரும்பி மேலே ஏறும் குழாய் எப்போதும் அரைமனதோடுதான் இழுக்கும். சாய்வாகத் திரும்புகிற வளைவாக மாற்ற வேண்டும். இது அடுப்பு போடுகிறவரும் குழாய் வேலைக்காரரும் சேர்ந்து செய்கிற வேலை.

### காற்று அடிக்கும்போது மட்டும்

நம் பக்கத்தில் காற்றுக்குக் குறைச்சலே இல்லை. கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று, ஆடியில் மேல்காற்று, ஐப்பசிக்குப் பிறகு வாடை. எந்தக் காற்றில் புகைகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். வாடையில் மட்டும் என்றால் குழாய்க்கு வடகிழக்கே என்ன இருக்கிறது என்று மாடி ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய மாடி, இதில் ஒன்று இருக்கும். அதில் மோதிச் சுழல்கிற காற்று குழாய்க்குள் இறங்குகிறது.

அளவு இதுதான்: குழாய் தளத்தைத் துளைக்கிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற எதைக் காட்டிலும் 2 அடி உயரம். கைப்பிடிச் சுவரோடு சமமாக நிறுத்திய குழாய்தான் நான் அதிகம் பார்ப்பது. வெளியே தெரிந்தால் அழகாக இல்லையாம்.

தொப்பியையும் பாருங்கள். குழாய் வாயோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் மழை வராது, புகையும் போகாது. நடுவில் குழாயின் அகலம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். உயரத்தைக் கூட்ட முடியாத இடத்தில் ஆங்கில T எழுத்து வடிவத்தில் இரண்டு பக்கமும் திறந்த தலையை வெல்டரிடம் செய்து மாட்டலாம்.

புதுச்சேரி முற்றத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழாயை முற்றத்துக்குள்ளேயே கூரைக்குக் கீழே முடித்திருந்தால் தொப்பி மாற்றியெல்லாம் பயனில்லை. கூரையைத் தாண்டி மேலே கொண்டுபோகத்தான் வேண்டும். தளமோ ஓடோ துளைக்கிற வேலை, அதனால் கொத்தனார் தேவை. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தளம் என்றால் அந்த மாதிரித் தளத்தில் கைபழகியவராகப் பாருங்கள். கட்டையில் கை வைக்காமல் துளைக்க வேண்டும்.

## தீ பிடிக்கவில்லை, பிடித்தாலும் நிற்கவில்லை

வாயில் சாம்பல் நிறைந்து காற்றுக்கு வழியில்லாமல் போயிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, நேராக விறகுக்கு வாருங்கள்.

கட்டையின் நுனியில் நுரை தள்ளுகிறதா, 'உஸ்' என்று சத்தம் வருகிறதா? ஈரம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீர் என்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். காய்ந்த கட்டையின் வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும்.

நம் ஊரில் சவுக்குதான் விறகு. ஒரு காலத்தில் மெட்ராஸ் ரயில் எஞ்சின்களுக்காகவே இந்தக் கடற்கரையில் சவுக்குத் தோப்பு போட்டார்கள், சூட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. சவுக்கு பச்சையாகவே எரியும். எரிகிறதே என்று விறகுக்கடையில் நேற்று வெட்டி இறக்கியதை வாங்கி வந்து மூட்டுவார்கள். வெட்ட வெளியில் மூன்று கல் வைத்து எரித்தால் அது தெரியாது. குழாய் வைத்த அடுப்பில் அந்த ஈரம் ஆவியாகிக் குழாயில் கறுப்பாக ஒட்டும், சூடு குறையும், அந்த மாதமே குழாய் அடைக்கும். அடுப்பு சரியில்லை என்று எனக்குப் போன் வரும்.

பிளந்து, சித்திரை வெயிலில் அடுக்கினால் ஆவணிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். ஐப்பசியில் வெட்டியது தைக்குள் காயும் என்று நம்ப வேண்டாம். அடுக்கும்போது அடியில் செங்கல் வைத்துத் தரையை விட்டுத் தூக்குங்கள். மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. தார்ப்பாயால் மூட்டை கட்டுகிற மாதிரி சுற்றினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் நாளைய விறகை இன்றே அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்து வையுங்கள், ஆனால் அடுப்பை ஒட்டி வேண்டாம். கட்டை மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்தால் பிளந்துகொள்ளுங்கள்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக் கட்டை சுலபமாகக் கிடைக்கும். காய்ந்தால் நல்ல விறகுதான். முந்திரித் தோட்டை மட்டும் வீட்டு அடுப்பில் போடாதீர்கள். அதில் இருக்கிற எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை தொண்டையைப் பிடிக்கும், குழாயில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். தானே புயல் 2011 டிசம்பரில் சாய்த்த முந்திரியையும் பலாவையும் வருடக்கணக்கில் மண்ணோடு போட்டு வைத்திருந்தவர்கள் உண்டு. கரையான் அரித்த அந்த மாதிரிக் கட்டை காற்றாக எரிந்து சாம்பலை மட்டும் குவிக்கும். வெந்நீருக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது.

வேண்டாதவை இன்னும் சில: பெயிண்ட் அடித்த படகுப் பலகை, பிளைவுட், கரையான் மருந்து அடித்த பழைய நிலை, கதவு. கடலில் ஊறிய கட்டையின் உப்பு இரும்பை அரிக்கும். வேலியில் வெட்டிப் போட்ட அரளியை ஓரமாகக் காயவைத்து யாராவது அடுப்பில் சொருகிவிடுவார்கள், அதன் புகை நஞ்சு. பிச்சாவரம் பக்கத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணை எரிக்கும். அதோடு அந்தக் காட்டில் வெட்டுவதும் குற்றம். மண்ணெண்ணெயை எரிகிற அடுப்பில் ஊற்றுவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விறகு நன்றாகக் காய்ந்திருந்தும் தீ நிற்கவில்லை என்றால் மேலே உள்ள புகைத் தலைப்புக்குப் போங்கள். அப்போது குறை குழாயில்தான்.

## தீ எரிகிறது, சோறு வேக நேரம் ஆகிறது

பாத்திரத்தின் அடி தீயைத் தொடுகிறதா என்று வாய் வழியாகக் குனிந்து பாருங்கள். குழி ரொம்ப ஆழமாக இருந்தால் சூடு பாத்திரத்தில் படாமல் நேரே குழாய்க்கு ஓடும். உள்ளே இரண்டு செங்கல்லைப் போட்டு அதன் மேல் இரும்புக் கம்பித் தட்டி வைத்தால் தீ மேலே வரும், அடியில் காற்றும் போகும். இதற்கு ஆளே வேண்டாம்.

குழாய் அளவுக்கு மீறி இழுத்தாலும் இதே கதைதான். தீ கொடியடுப்புப் பக்கம் படுத்துக்கொண்டே ஓடும், விறகு மளமளவென்று தீரும். குழாயை மூடித் திறக்கிற தகட்டுத் திருகு வைத்திருந்தால் தீ நன்றாகப் பிடித்த பிறகு பாதி மூடுங்கள். முழுக்க மூடாதீர்கள், கங்கு இருக்கும்போது கண்டிப்பாகக் கூடாது. தகடு இல்லாத அடுப்பில் வாயைக் கொஞ்சம் செங்கல்லால் மறைத்தாலே இழுப்பு குறையும்.

கொடியடுப்பு மட்டும் சூடாகவில்லை என்றால் நடு வழி அடைத்திருக்கிறது, சாம்பலை வழியுங்கள். அதில் சோறு பொங்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். குழம்பைச் சூடாக வைக்க, பால் காய்ச்ச, வெந்நீருக்கு, அவ்வளவுக்குத்தான் அது.

## சுவர் வியர்க்கிறது, ஆவி வருகிறது

அடுப்பு இன்னும் காயவில்லை. கட்டி முடித்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். நல்ல நாள் பார்த்தாயிற்று என்றால் நாலு சவுக்கு மிலாரில் சின்னப் பாத்திரத்தில் பாலைப் பொங்கவிட்டு அணைத்துவிடுங்கள். நிஜமான சமையலுக்கு இரண்டு மூன்று வாரம் நிழலில் காய வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் ஈரம். அப்புறமும் முதல் சில நாள் மிலார்த் தீ மட்டும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது மண் அடுப்புகளின் அடி ஊறிப்போனது. வெள்ளம் ஏறிய அடுப்பைப் புது அடுப்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள்: அதே காத்திருப்பு, அதே சின்னத் தீ. கையால் அசைத்தால் செங்கல் ஆடுகிறது என்றால் மூட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அடுப்பில் வெடிப்பு

மயிரிழை வெடிப்பு எல்லா அடுப்பிலும் வரும். புற்றுமண்ணைச் சலித்து, சாணியும் உமியும் போட்டுப் பிசைந்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, வெடிப்பை நனைத்துவிட்டுத் தேயுங்கள். வாராவாரம் சாணி போட்டு மெழுகுகிற வீட்டில் இந்தப் பேச்சே எழாது.

விரல் நுழைகிற வெடிப்பு வேறு. சிமெண்ட் வைத்து அடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். தீ படுகிற இடத்தில் சிமெண்ட் நிற்காது, சூட்டில் பொரிந்து பக்குப் பக்காக உதிரும். உள்பூச்சே சிமெண்டாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மண் பூச வேண்டும். மேடையில் டைல்ஸோ கடப்பாக்கல்லோ குழியின் விளிம்பு வரை ஒட்டியிருந்தால் 'டப்' என்று வெடித்துச் சில்லு பறக்கும். விளிம்பிலிருந்து ஒரு சாணுக்கு மண்ணோ செங்கல்லோதான் இருக்க வேண்டும். வெடிப்பு சுவர் வரை ஓடினாலோ, மேல் குழி ஒரு பக்கம் சாய்ந்தாலோ அண்டா வைக்கிற நாளில் உட்கார்ந்துவிடும். அடுப்பு போட்டவரை வரச் சொல்லுங்கள். இந்த ஒன்றில்தான் இடித்துக் கட்டலாம் என்று நானே சொல்வது.

## குழாயில் கறுப்பாக ஒழுகுகிறது

மழை இல்லாத நாளிலும் ஒழுகினால், பிசுபிசுவென்று வாடை அடித்தால், ஈர விறகின் புகைத்தார் அது. விறகை மாற்றுங்கள், குழாயைச் சுத்தம் செய்யுங்கள். விட்டால் முதலில் சொன்ன குழாய்த் தீயில் கொண்டுபோய் விடும்.

மழையில் மட்டும், தண்ணீராக, குழாயின் வெளிப்பக்கமாக இறங்கினால் தளத்தில் துளை போட்ட இடம் ஒழுகுகிறது. குழாயைச் சுற்றித் தளத்தில் நாலு அங்குலம் மேடு கட்டி, அதற்கு மேலே குழாயைச் சுற்றிக் குடை மாதிரி விரிகிற பாவாடைத் தகடு பொருத்தினால் நிற்கும். வெறும் சிமெண்டை அப்பினால் குழாய் சூட்டில் விரிந்து சுருங்கி ஒரு மாதத்தில் மறுபடி பிளக்கும். குழாயின் உள்ளே தண்ணீர் வந்தால் தொப்பியைக் காற்று கொண்டுபோயிருக்கும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய் உப்புக்காற்றில் சீக்கிரம் ஓட்டை விழும். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, ஆறிய குழாய்க்குள் டார்ச் அடித்து வெளியே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம்தான், கடலோரத்தில் அதுதான் கட்டுப்படியாகும்.

## குழாய் அருகே சுவரோ கூரையோ சுடுகிறது

குழாய் போகும் இடத்தில் சுவரில் கை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு, பெயிண்ட் கொப்பளம் என்றால் அடுப்பை அணையுங்கள். அந்தச் சுவருக்குள் மின்சார வயர் போகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை மூட்ட வேண்டாம். கேஸ் சிலிண்டரும் அதன் ரப்பர்க் குழாயும் விறகடுப்பு இருக்கிற அறைக்குள் இருக்கவே கூடாது.

கீற்று, பனையோலை, மரச்சட்டம் எதுவானாலும் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். கீற்றுக் கூரையைத் துளைத்துக் குழாய் விடுவது எனக்குச் சம்மதமே இல்லை. கேட்டால் வேலையை ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கவாட்டில் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், கூரை விளிம்பை விட்டு விலகி ஏற்றலாம். அந்த மாதிரி வீட்டில் கரும்புச் சோகையும் தென்னஞ்சருகும் எரிக்காதீர்கள், பற்றிய இலை அப்படியே பறந்து கூரையில் உட்காரும்.

## புது அடுப்பில் நாற்றம்

இரும்பு அடுப்பானால் முதல் சில தடவை பெயிண்ட் வாடை வரும். முடிந்தால் வெளியே முற்றத்தில் வைத்து இரண்டு மூன்று முறை எரித்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். சமைக்க வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

அதற்குப் பிறகும் நெடி போகவில்லை என்றால் அது பெயிண்ட் இல்லை. குழாய் நெடுகக் கண்ணை ஓட்டுங்கள், எங்கேயோ பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே வெளியே தெரிகிற பகுதிக்குப் பிவிசி குழாயை மாட்டிவிட்டுப் போன வேலையும் பார்த்திருக்கிறேன். அது உருகி உள்பக்கமாகத் தொங்கும், வருகிற புகை அமிலப்புகை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் குழாய் வருகிறவரை கேஸிலேயே சமைத்துக்கொள்ளுங்கள்.